மணி இல்லை, மற்றபடி அப்பாவைப் போல

ஜூன் 3

என்னங்க,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் படிக்க முடிகிற மாதிரிதான் அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. அதுவும் அந்தக் கிடங்கு மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நீங்கள் “ம்... ம்... சரி, வெக்கிறேன்” என்று சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நீங்கள் கிளம்பிய அன்று குட்டியிடம் சொல்லிக்கொள்ளாமலேயே போய்விட்டீர்கள். சொன்னேன் என்பீர்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “குட்டி, அப்பா போயிட்டு வர்றேன்” என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னீர்கள். அவள் என் பொத்தான் டப்பாவைத் தரையில் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. “அழுத்தக்காரி, திரும்பறாளா பாரு” என்று சிரித்துக்கொண்டே படி இறங்கிவிட்டீர்கள். சாயங்காலம் அவள் ஒவ்வொரு கதவாகத் திறந்து உங்களைத் தேடினாள். குளியலறையில் இருக்கிறீர்களோ என்று அங்கே மட்டும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு, அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்பதை நான் எதை வைத்துச் சொல்வேன்?

அந்தத் தட்டு விஷயத்துக்கும் வருகிறேன். அவள் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினீர்கள். அவள் திரும்பினாள். “பாத்தியா, நல்லாத்தான் கேக்குது! நீதான் இல்லாத வியாதிய இழுத்துப் போடுற” என்று ஒரே அடியில் ஜெயித்துவிட்டீர்கள். நடந்ததை இப்போது சொல்கிறேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் நான். சத்தம் கேட்டுத் திடுக்கிட்டவளும் நான்தான். அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் கண் போன பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான் நடந்தது.

இருபத்தெட்டாம் தேதி காதுப் பரிசோதனைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் வர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். தனியாகவும் என்னால் தூக்கிக்கொண்டு போக முடியும். ஆனால் அந்த அறையில் அவர் என்ன சொன்னாலும் அதை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இருக்கிறது. நான் கேட்டு வந்து சொல்ல, நீங்கள் நம்பாமல் இன்னொரு தட்டை எடுக்க, அதையெல்லாம் தாங்க எனக்குத் தெம்பில்லை.

எதிர் வீட்டுப் பையன் இவளைவிடச் சின்னவன். நாள் முழுக்க “அம்மா, அம்மா” என்று அந்த வீட்டை ஒரு வழி பண்ணுகிறான். அவன் அம்மா, “ஒரு நிமிஷம் சும்மா இருடா” என்று அலுத்துக்கொள்கிறாள். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே தைக்கிறேன். எனக்கு அந்த அலுப்பு வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 8

தையல்கார அம்மணிக்கு,

அடிபட்ட ‘அன்புள்ள’ வந்து சேர்ந்தது. நான் அடிக்காமலே எழுதுகிறேன்: அன்புள்ள.

சண்டைக்கு முன்னால் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே என்ன வெட்டி முறிக்கிறார் என்று நீ நினைப்பது இங்கே வரை கேட்கிறது. இந்தக் கிடங்கில் ஒரே ஒரு பெரிய கணினி. யூனிக்ஸ் என்கிற அமைப்பில் ஓடுகிறது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரை, ஒரு விசைப்பலகை. அதற்கு டெர்மினல் என்று பெயர். பஸ் வந்து நிற்காது, எழுத்து வந்து நிற்கும். பெட்டிக்குள் தனி மூளை கிடையாது. பெரிய கணினி சொல்வதைத் திரையில் காட்டும், நாம் தட்டுவதை அங்கே அனுப்பும்.

வம்பு எங்கே என்றால், ஒவ்வொரு டெர்மினலும் ஒவ்வொரு பாஷை பேசும். ‘திரையைத் துடை’ என்பதை ஒன்றுக்கு ஒரு விதமாகச் சொல்ல வேண்டும், இன்னொன்றுக்கு வேறு விதமாக. அதனால் யூனிக்ஸில் ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். இத்தனை எழுத்து அகலம், தடித்த எழுத்து வரும், மணி அடிக்க இதை அனுப்பு, இப்படி. கணினி பெட்டியைப் பார்ப்பதில்லை, குறிப்பைத்தான் பார்க்கும். குறிப்பு தப்பென்றால் திரை முழுக்கப் புழு நெளிகிற மாதிரி கண்ட எழுத்தும் வந்து விழும்.

இப்போது புதுப் பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. ‘பழைய பெட்டியைப் போல’ என்று ஒரு வரி போட்டால் போதும், பழையதன் குணமெல்லாம் புதியதற்கும் வந்துவிடும். அதே கம்பெனி, அதே ஜாடை. அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஜாடை என்றதும் நினைவு வருகிறது. குட்டியும் அப்படித்தான். அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாள். எங்கம்மாவைக் கேட்டுப் பார். நாலு வயசு வரைக்கும் நான் வாயே திறக்கலையாம். அப்புறம் திறந்தது தப்பு என்று நீ வேண்டுமானால் சொல்வாய். நீ தையல் மெஷினை ஓட்டினால் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்து பலகையில் கன்னத்தை வைத்துக்கொள்கிறாளே, காது கேட்காத குழந்தையா அப்படி வரும்? அவளுக்குப் பிடிவாதம். கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம். இருபத்தெட்டாம் தேதி இங்கே வேலையை ஒப்படைக்கிற வாரம். என்னால் வர முடியாது.

பிடிவாதத்துக்கு இங்கேயும் ஒருவர் இருக்கிறார். சரக்குச் சீட்டுகளைப் பார்த்துப் பதிவு செய்கிற ஓர் அம்மா. தப்பான எண்ணைத் தட்டினால் கணினி ஏற்காமல் ஒரு மணி அடிக்கும். இவர் கண்ணைச் சீட்டில் வைத்துக்கொண்டு, மணி அடிக்க அடிக்கத் தட்டிக்கொண்டே போகிறார். சாயங்காலம் பார்த்தால் பாதிப் பதிவு ஏறவே இல்லை. மேலாளர் அவரை வேறு வேலைக்குத் தள்ளிவிடப் போகிறார். நானும், “கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். முறைத்தார்.

குட்டிக்கு முத்தம். உனக்கு, கோபம் போயிருந்தால்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 13

என்னங்க,

முத்தத்தைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டேன். என்னுடையதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மெஷின் விஷயத்தை ஒரு சாட்சி மாதிரி எழுதியிருந்தீர்கள். நானும் நெடுநாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தைரியமாக இருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு ஒன்று செய்து பார்த்தேன். பழைய கம்பளியைக் கிழித்து, மடித்து, மெஷின் மேசையின் கால்களுக்கு அடியில் வைத்தேன். குட்டி அடுத்த அறையில் வெறும் காலோடு மரத்தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். மெஷினை முழு வேகத்தில் ஓட்டினேன். எதிர் வீட்டுக்கே கேட்டிருக்கும். வரவில்லை. கம்பளியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். உடனே வந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வந்து பலகையில் கன்னத்தை வைத்தாள். அவளுக்குத் தரை சொல்கிறது. அப்புறம் நான் தைக்க முடியவில்லை, ஊசி கண்ணுக்குத் தெரியவில்லை.

நீங்கள் தப்பான மனிதர் இல்லை. எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு டியூப்லைட். சுவிட்சைப் போட்டால் உடனே எரியாது, நாலு தடவை கண் சிமிட்டிவிட்டு அப்புறம்தான் வரும். ஆனால் வந்தால் நல்ல வெளிச்சம், அதை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எரிந்தால் என்ன?

உங்களைப் போல அவள் என்கிறீர்கள். மூக்கு உங்களுடையது. தூங்கும்போது ஒரு காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டுவது உங்களுடையது. அதற்காக எல்லாமே உங்களுடையதாக இருந்தாக வேண்டுமா?

உங்கள் பெட்டிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அம்மா பாவம். மணி அடிக்கும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறது என்கிறீர்கள். அடித்ததை நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்களா?

வீட்டுக்காரி


ஜூன் 18

அன்புள்ள உனக்கு,

கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் மேசைக்குப் போனேன். வேண்டுமென்றே தப்பான எண்ணைத் தட்டினேன். காதைப் பெட்டியில் ஒட்டி வைத்து மறுபடி தட்டினேன். கிடங்கில் இரைச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பழைய பெட்டியில் ஒலிப்பான் இருக்கிற இடத்தில் இதில் வெறும் ஓட்டைதான் இருக்கிறது. அதே ஜாடை, அதே மூடி, உள்ளே மணி கிடையாது. நான் ‘பழைய பெட்டியைப் போல’ என்று எழுதியிருந்தேன். கணினியும் என்னை நம்பி, இல்லாத மணியை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மேலாளரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே கேட்டேன். “நான் என்ன செவிடான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தம்பி” என்றார் அவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு குறிப்பைத் திருத்த உட்கார்ந்தேன். இதை நான் உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், கொட்டாவி விடாமல் படி. ஒரு குணம் இல்லை என்பதற்கு, அதன் பெயரை எழுதிப் பின்னால் ‘@’ என்று ஒரு சுழி போட வேண்டும். ‘பழைய பெட்டியைப் போல’ வரிக்குக் கீழே, மணி என்று எழுதிச் சுழி போட்டேன். கணினி சட்டை செய்யவில்லை. மறுபடி மணியைத்தான் அடிக்கப் பார்த்தது. இதில் எது முன்னால் வருகிறதோ அதுதான் செல்லுபடியாகும். முதலில் ‘மணி இல்லை’ என்று எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ‘மற்றபடி பழையதைப் போல’ என்று எழுத வேண்டும்.

இன்னொன்று. மணி இல்லாத பெட்டிக்கு மின்னல் உண்டு. திரையின் கறுப்பு வெள்ளையாகி, வெள்ளை கறுப்பாகி, திரும்பப் பழையபடி ஆகும். சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஓரக்கண்ணில் பட்டுவிடும். மணி இல்லை என்று ஒழுங்காக எழுதியிருந்தால் கணினி தானாகவே மின்னல் இருக்கிறதா என்று தேடிக்கொள்ளும். மணி உண்டு என்று பொய்யாக எழுதியிருக்கிற வரைக்கும் தேடவே தேடாது.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அழுதேன். அவள் முதுகைப் பார்த்து எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன், பெண்ணே. என் குரலுக்குத் திரும்பாமல் இருக்கிறாள் என்று கோபித்துக்கொண்டு வேறு இருந்திருக்கிறேன்.

மின்னலும் முதலில் வேலை செய்யவில்லை. வெள்ளையாக்கு, கறுப்பாக்கு என்று அடுத்தடுத்து அனுப்பியதில் கண்ணுக்கே தெரியாமல் நடந்து முடிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விடச் சொல்லிக் குறிப்பில் எழுதினேன். அப்புறம் பளிச்சென்று தெரிந்தது. அந்த அம்மா, “அட, கண்ணடிக்குது!” என்றார். அன்று முழுக்கப் பதிவில் ஒரு பிழை இல்லை. அவரை எங்கும் தள்ளப் போவதில்லை.

மேலாளரிடம் பேசிவிட்டேன். ஒப்படைப்பை இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இருபத்தேழாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். டியூப்லைட் எரிந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 21

அன்புள்ள உங்களுக்கு,

அடிக்கவில்லை, பார்த்தீர்களா?

நீளமாக எழுத வரவில்லை. கொட்டாவி விடாமல் படித்தேன், எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன். வாருங்கள். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். சுற்றிக்கொண்டு அவள் எதிரே போய், உட்கார்ந்து, உங்கள் முகத்தைக் காட்டுங்கள். பிறகு கொஞ்சம் பொறுங்கள். உங்கள் இடைவெளி மாதிரி.

தட்டையெல்லாம் மேல் பரணில் வைத்துவிட்டேன். நிறுத்தி வைத்ததையும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
நான்


ஜூலை 9

அன்புள்ள உனக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறையில் இன்னும் நம் வீட்டு சோப்பு வாசனை, சட்டையிலிருந்து.

ரயிலில் வழி நெடுக அந்தப் பரிசோதனை அறைதான் கண் முன்னால் நின்றது. அத்தனை பெரிய கறுப்பு மூடிகளைக் காதில் மாட்டியதும் குட்டி என்னவோ கிரீடம் வைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக, நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு டாக்டரம்மா காகிதத்தை நம் பக்கம் திருப்பி வைத்தார். நீ என் கையைப் பிடித்தாய். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான். வெளியே வந்ததும் நீ சொன்னாயே, “சரி, மணி இல்ல. மத்தபடி அப்பாவப் போல. மொதல்ல எத எழுதணுமோ அத எழுதியாச்சு, வாங்க” என்று. என் வேலையை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவள் நீதான்.

கிளம்பிய அன்று அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, டாக்டரம்மா அனுப்பிவைத்த சைகைமொழி டீச்சர் காட்டிய மாதிரி ‘அப்பா’, ‘போய்’, ‘வருவேன்’ என்று கையால் சொன்னேன். ‘வருவேன்’ தப்பாக வந்திருக்கும் போல. என் விரலைப் பிடித்துச் சரியாக மடக்கிவிட்டாள். இப்போது கண்ணாடி முன் நின்று பழகுகிறேன். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, வேலைப் பளு அதிகமா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். உட்கார்ந்து கேட்டார். மறுநாள் எனக்கு ‘வணக்கம்’ என்று கையால் சொல்லிப் பார்த்தார், அது கொசு விரட்டுகிற மாதிரி இருந்தது.

வாசல் மணியின் கம்பியில் விளக்கைச் சேர்த்துவிட்டு வந்தேனே, ஒழுங்காக வேலை செய்கிறதா? மணியை அழுத்தினால் கூடத்துப் பல்பு எரிந்து அணைய வேண்டும். சட்டென்று அணைந்துவிட்டால் குட்டி பார்க்காமல் போகலாம். அழுத்துகிறவர்களிடம் கொஞ்சம் நிறுத்தி அழுத்தச் சொல். பல்பு போய்விட்டால் டியூப்லைட் மாட்டிவிடாதே, அது எரிவதற்குள் வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 15

அன்புள்ள உங்களுக்கு,

டியூப்லைட்டை நான் ஏன் மாட்டப் போகிறேன்? வீட்டுக்கு ஒன்று போதும்.

விளக்கு நன்றாக வேலை செய்கிறது. முதல் இரண்டு நாள் பல்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் தபால்காரர் வந்தார். பல்பு எரிந்ததும் பொத்தான்களை அப்படியே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். நீங்கள்தான் என்று நினைத்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் இவள் முகம் விழுந்துவிட்டது. பாவம், அந்த மனிதர் என்ன தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பயந்துபோனார். உங்கள் கடிதத்தை அவள் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். உறை மேலே நீங்கள் வரைந்திருந்த மூக்குப் பெரிய அப்பாவைப் பார்த்ததும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எனக்குப் படிக்கக் கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். தூங்கிய பிறகுதான் எடுத்தேன்.

அவசரத்தில் ஒரு நாள் பழக்கதோஷத்தில் அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். நானே கூப்பிட்டேன், உங்களை அத்தனை பேசியவள். பிறகு தரையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டினேன். திரும்பினாள். அவளுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம், அது நிச்சயம் உங்களிடமிருந்து வந்ததில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நேற்று மத்தியானம் மெஷினில் இருந்தேன். பெரிய வேலை, திரைச்சீலைகள், குனிந்த தலை நிமிரவில்லை. திடீரென்று என் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்தால் யாரும் இல்லை. நீங்கள் சேர்த்த கம்பிதான் எங்கேயோ உரசுகிறது என்று உங்களைத் திட்டிக்கொண்டே திரும்பினேன். அப்புறம்தான் உறைத்தது, வாசல் மணி கூடத்துப் பல்பை அல்லவா எரிக்கும்? எரிந்தது என் அறை விளக்கு.

குட்டி நாற்காலியைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, என் அறைச் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் கையை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் புரியாமல் நின்றேன். மறுபடி ஒரு தடவை போட்டாள், கொஞ்சம் விட்டு, அணைத்தாள். பிறகு பொத்தான் டப்பாவை நீட்டினாள். மூடி இறுகிப் போயிருந்தது.

அவ்வளவுதாங்க. மூடியைத் திறந்து கொடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் கதவுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்துவிட்டாள். திறந்து கொடுத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று தெரியாமல் அவள் எனக்கு ஒரு பச்சைப் பொத்தானைக் கொடுத்தாள். இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதீர்கள்.

நேற்றிலிருந்து இதே வேலைதான். தண்ணீர் வேண்டுமென்றால் விளக்கு. பூனை ஜன்னலில் வந்தால் விளக்கு. ஒன்றுமே வேண்டாம், சும்மா நான் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றாலும் விளக்கு. திரைச்சீலையில் ஒரு ஓரத்தைக்கூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை. இன்று காலையில், “ஒரு நிமிஷம் சும்மா இருடி” என்று வாய்விட்டே அலுத்துக்கொண்டேன். சொல்லிவிட்டு, சொன்னது நான்தானா என்று நின்றுவிட்டேன்.

எதிர் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, “என்னக்கா, நேத்துலேருந்து ஒங்க வீட்டு லைட்டு விட்டு விட்டு எரியுது? ஒயர்ல ஏதும் கோளாறா?” என்றாள்.

“கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றேன். “எம்பொண்ணு அம்மான்னு கூப்பிடுறா.”

இதோடு நிறுத்துகிறேன். கூப்பிடுகிறாள்.

உங்கள்
நான்